நண்பர்களோடு தொழில்: முதல் வாரத்தில் பேச வேண்டியவை

சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் நான்கு பேர் சேர்ந்து சிறுதொழில் ஒன்றைத் தொடங்கினால், அந்த நால்வரும் பெரும்பாலும் நண்பர்களாகத்தான் இருப்பார்கள். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் வந்து படூரிலும் தாழம்பூரிலும் நாவலூரிலும் வாடகை வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது. பரம்பரைக் கடை கிடையாது, கேட்டவுடன் கைமாற்றுத் தரும் பழகிய ஆளும் கிடையாது. ஒரே அறையில் தங்கியவர்கள், ஒரே புராஜெக்டில் இரவெல்லாம் கண்விழித்தவர்கள், ஒரே கல்லூரியில் படித்தவர்கள்தான் கையில் இருக்கும் சுற்றம். டிபன் சப்ளையோ, பி.ஜி. ஹாஸ்டலோ, ஐந்து பேர் கொண்ட மென்பொருள் நிறுவனமோ, ஆள் சேர்ப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. நண்பரோடு தொழில் வேண்டவே வேண்டாம் என்று எச்சரிப்பவர்கள் நிறைய உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். நட்பு ஒரு தொழிலுக்குத் தரும் மிகப் பெரிய வசதி, கசப்பான விஷயத்தை முகம் பார்த்துப் பேச முடிவது. அந்த வசதியை முதல் வாரத்திலேயே செலவழித்து, பணம், உழைப்பு, பிரிவு ஆகிய மூன்றையும் பேசி எழுதிக்கொண்டவர்களுக்கு நட்பு துணையாக நிற்கும். 'நமக்குள்ள என்ன' என்று அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு அதே நட்புதான் வாயைக் கட்டிப்போடும்.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 நிறுவனர்களைப் பற்றித் தகவல் திரட்டிய நோம் வாசர்மன், 2012இல் வெளியான 'தி ஃபவுண்டர்ஸ் டைலமாஸ்' நூலில் ஓர் ஒழுங்கைக் காட்டுகிறார். முன்பு ஒன்றாக வேலை செய்தவர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனங்கள்தான் அதிகம் நிலைத்தன. நண்பர்களும் உறவினர்களும் தொடங்கியவை, முன்பின் அறியாதவர்கள் தொடங்கியவற்றைவிடவும் சீக்கிரம் உடைந்தன. நட்பு கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கேரன் ஜெனும் பிரீத்தி ஷாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. நண்பர்கள் மூவர் கொண்ட குழுக்களையும் அரைகுறைப் பழக்கமுள்ள மூவர் குழுக்களையும் ஒரே வேலையில் இறக்கிப் பார்த்தபோது, முடிவெடுக்கும் வேலையிலும் சரி, கையால் செய்யும் வேலையிலும் சரி, நண்பர்களே முந்தினார்கள். அவர்கள் அதிகம் பேசினார்கள், ஒருவர் வேலையை மற்றவர் கூச்சமின்றிக் கவனித்துத் திருத்தினார்கள். இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் மூன்று பேருக்கும் வேலை மட்டுமே முன்னால் இருந்தது. யாருக்கு எத்தனை பங்கு, யார் முதலாளி, யார் போகலாம் என்ற கேள்விகள் இல்லை. தொழிலில் அந்தக் கேள்விகள் முதல் நாளே வந்துவிடுகின்றன. நண்பர்கள் வேலையில் தோற்பதில்லை, வேலையைச் சுற்றியுள்ளவற்றைப் பேசாமல் விட்டதில் தோற்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி, எந்த நண்பர் என்பது. வள்ளுவர் நட்பு என்ற அதிகாரத்தை முடித்த கையோடு நட்பாராய்தல் என்று அடுத்த அதிகாரத்தை வைத்தார். பொருட்பாலில் ஆளை ஆராய்ந்து தெளிவதும், தெளிந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதும் முன்னே வருகின்றன. சுற்றத்தைத் தழுவுவது அவற்றுக்குப் பின்னே வருகிறது. அந்த வரிசையை நம் காலத்துத் தொழில்களிலும் பார்க்கலாம். கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்கள்; ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. தொடங்குவதற்கு முன் இருவரும் ஜோஹோவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கோபமான வாடிக்கையாளர், தப்பிய கெடு, ஒருவர் பிழையை மற்றவர் தலையில் போடும் சந்தர்ப்பம் என்று எல்லாமே வேலையிடத்தில் வரும். விடுமுறையில் ஒன்றாகப் புதுச்சேரி போய்வந்த நண்பரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும், ஆனால் இவற்றில் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நண்பரோடுதான் தொழில் என்றால், முதலீடு போடுவதற்கு முன் சிறிய வேலை ஒன்றை ஊதியத்துக்கு எடுத்துச் சேர்ந்து முடித்துப் பாருங்கள். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டு ஆர்டர் போதும், ஒரு கடைக்கான பில்லிங் மென்பொருள் போதும். கணக்கை யார் எழுதினார், கெட்ட செய்தியை வாடிக்கையாளரிடம் யார் சொன்னார், வந்த பணத்தைப் பிரிக்கும்போது யார் முகம் எப்படி மாறியது என்று கவனியுங்கள். பத்து ஆண்டுப் பழக்கம் சொல்லாததை அந்த ஒரு வேலை சொல்லும்.

அடுத்தது இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல். நான்கு நண்பர்களில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் தொழிலில் இறங்குவார். மற்ற மூவர் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே, மாலையிலும் சனி ஞாயிறிலும் உதவுவதாகச் சொல்வார்கள். வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறவர் வேலையை விட முடியாது என்பது நியாயமே. பங்கு மட்டும் நால்வருக்கும் சமம் என்று வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் நண்பர்களுக்குள் கூடக் குறையப் பேச வாய் வராது. எதையும் எழுதாமல் விட்டால் சட்டமும் அதையேதான் சொல்லும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932இன் 13ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம். தொழிலில் உழைத்ததற்காக எந்தக் கூட்டாளியும் சம்பளம் கேட்க முடியாது. எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்ற அமைப்பை நமக்குத் தந்த 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையும், ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இதையே விதியாக வைக்கிறது. அதாவது வேலையை விட்டு, பி.எஃப். பணத்தையும் எடுத்துப் போட்டு, காலை 5 மணிக்குக் காய்கறி வாங்கப் போகிறவருக்கும் மாதம் இரண்டு முறை வந்து கணக்குப் பார்க்கிறவருக்கும் ஒரே பங்கு. முன்னவருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. முதல் ஆறு மாதம் இது யார் கண்ணையும் உறுத்தாது, பிரிக்க லாபம் இருக்காதே. லாபம் வரத் தொடங்கிய பிறகுதான் உறுத்தும், அப்போது பேசினால் பேராசை போலத் தெரியும். ஒரு ரூபாய்கூட வராத நாளில் பேசினால் அது வெறும் கணக்கு. முழு நேர உழைப்புக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, கையில் காசு இல்லாத மாதங்களில் அதைப் பாக்கியாக எழுதிவைப்பதா, போட்ட பணத்துக்குத் தனிப் பங்கா வட்டியா, வேலையை விடாதவர் எந்தத் தேதிக்குள் விட வேண்டும், விடாவிட்டால் அவர் பங்கு எவ்வளவாகக் குறையும் என்ற ஐந்தையும் ரூபாயிலும் தேதியிலும் எழுதுங்கள். கம்பெனி வேலையில் தொடர்கிறவர் தன் பணி நியமனக் கடிதத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும். வெளித்தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை பல கடிதங்களில் இருக்கிறது, அதை மீறினால் அடி விழுவது அவருடைய பிழைப்பின் மேல்.

'எழுதிக் கேட்டால் நண்பன் என்ன நினைப்பான்' என்பதுதான் நான் அதிகம் மதிக்கும் ஆட்சேபம். அதில் பாசம் இருக்கிறது. ஆனால் எழுத்து அவநம்பிக்கையின் அடையாளம் என்ற எண்ணம் நம் கடற்கரைக்கே பொருந்தாதது. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவநேரி என்று சிறுசேரிக்குத் தென்கிழக்கே நீளும் மீனவக் குப்பங்களில் கடலுக்குப் போகும் படகில் இருப்பவர்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான்தான். அவர்களுக்குள் இல்லாத ஒட்டுறவா? ஆனாலும் மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ் செலவு முதலில் கழியும். மீதியில் படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் இத்தனை, ஏறிய ஆட்களுக்கு இத்தனை என்று பங்கு பிரியும். இன்று பாசம் அதிகம், அதனால் பங்கு அதிகம் என்ற பேச்சே கிடையாது. இது காகிதத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அந்தப் பங்கு முறை தெரியும், தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. ஊரே சாட்சியாக இருப்பதால் அங்கே காகிதம் தேவைப்படவில்லை. தாழம்பூர் அடுக்குமாடியில் நான்காம் தளத்தில் உட்கார்ந்து தொழில் தொடங்கும் நால்வருக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. அந்த ஊரின் இடத்தில்தான் நீங்கள் ஒப்பந்தப் பத்திரத்தை வைக்கிறீர்கள். நண்பனிடம் இதை விளக்க முடியாவிட்டால், நாளைக்கு விலை ஏற்றத்தையோ ஆள் குறைப்பையோ எப்படி அவனிடம் பேசப் போகிறீர்கள்?

இனி மதிப்பீடுகள் பற்றி. 'எங்களுக்கு ஒரே கொள்கை' என்று சொல்லாத குழு கிடையாது. நேர்மை, தரம், வாடிக்கையாளர் நலன் என்று சுவரில் எழுதாத அலுவலகமும் கிடையாது. ஒரு கொள்கை உண்மையிலேயே பொதுவானதா என்பதை அறிய ஒரே வழி, அதற்காக எந்த வருமானத்தை வேண்டாம் என்பீர்கள் என்று கேட்பதே. இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்த இருளர் குடும்பங்களின் பிழைப்பு அடியோடு போயிற்று. அவர்களிடம் மிஞ்சியது பாம்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் அறிவும், தலைமுறைகளாக ஒருவரையொருவர் நம்பிக் காட்டுக்குள் போன பழக்கமும். அந்த அறிவை வைத்தே, ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் துணையோடு, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, இடைவெளி விட்டுச் சில முறை நஞ்செடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் இந்திய நிறுவனங்களுக்கு நெடுங்காலமாக நஞ்சு தந்துவருவதில் இந்தச் சங்கத்துக்கு முதன்மையான இடம் உண்டு.

இந்தச் சங்கத்தில் கவனிக்க வேண்டியது அதன் விதிகள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி உண்டு, அதற்கு மேல் பிடிப்பதில்லை. விடுவிக்கும் முன் பாம்பின் வயிற்றுச் செதிலில் அடையாளம் இடுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி பிடிபட்டால் தெரிந்துவிடும். பானையிலேயே இன்னும் சில மாதம் வைத்திருந்தால் மேலும் நஞ்செடுக்கலாம், அதற்குப் பணமும் கிடைக்கும். அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். பாம்பு இருந்தால்தான் தொழில் இருக்கும் என்ற எண்ணத்தை அவர்கள் வாயளவில் விட்டுவிடாமல், எண்ணிக்கையாகவும் நாட்கணக்காகவும் செதில் அடையாளமாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்களுக்குள் உறவு நெருக்கமானது. கணவனும் மனைவியும் சேர்ந்தே பாம்பு தேடப் போவதுண்டு. அவ்வளவு நெருக்கம் இருந்தும், உறவுக்காக எண்ணிக்கை கூடுவதில்லை. 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, நாடு பாராட்டியது இந்த அறிவோடு சேர்ந்த ஒழுங்கையும்தான் என்று நான் எண்ணுகிறேன்.

சற்று வடக்கே கோவளத்திலும் இதையே காணலாம். மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012 வாக்கில் அலைச்சறுக்குப் பள்ளியைக் கட்டியெழுப்பினார். கற்றுக்கொடுப்பவர்கள் அதே ஊர்ப் பையன்கள், ஒன்றாகக் கடலில் வளர்ந்தவர்கள். அங்கே குடிக்கும் புகைக்கும் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த நிபந்தனை. அலையில் கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த நிபந்தனைக்கு வராதவனை விட்டுக்கொடுக்க வேண்டும், கூட்டாளி என்பதற்காகத் தளர்த்த முடியாது. உங்கள் குழுவும் இப்படி இரண்டோ மூன்றோ விதி வைத்துக்கொண்டால் போதும், பத்து வேண்டாம். சப்ளையருக்கு 15 நாளுக்கு மேல் பாக்கி வைப்பதில்லை, பில் இல்லாமல் விற்பதில்லை, ஊழியர் சம்பளம் போன பிறகே கூட்டாளிகள் பணம் எடுப்பது என்பன போல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதைக் கடைப்பிடித்தால் மாதம் எவ்வளவு இழப்போம் என்றும் எழுதுங்கள். அந்தத் தொகையைப் பார்த்ததும் தயங்குகிற நண்பர் கெட்டவர் அல்லர். அவருக்கும் உங்களுக்கும் அந்த விஷயத்தில் ஒரே கொள்கை இல்லை, அவ்வளவே.

இங்கே கடுமையான ஆட்சேபம் ஒன்று எழும், எழ வேண்டும். நட்பையும் மதிப்பீட்டையும் வைத்து ஆள் சேர்த்தால், கடைசியில் ஒரே சாதி, ஒரே மொழி, ஒரே கல்லூரி, பெரும்பாலும் ஆண்கள் என்றுதானே குழு அமையும்? நம் ஊரில் 'நம்ம ஆளு' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த அபாயம் உண்மையானது. அநியாயம் என்பதோடு, அது தொழிலுக்கும் கேடு. ஒரே மாதிரி வளர்ந்தவர்கள் நால்வர் இருந்தால் நால்வர் கண்ணுக்கும் தப்புவது ஒன்றேயாக இருக்கும். மதிப்பீட்டைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. அதை நடத்தையாக எழுதினால் பாதித் தீர்வு கிடைத்துவிடும். 'நம்மைப் போல நினைப்பவர்' என்று தேடினால் நம் சாதிக்காரர் வந்து நிற்பார். 'சப்ளையருக்குச் சொன்ன தேதியில் பணம் தருபவர்' என்று தேடினால் யாரும் வரலாம். மீதிப் பாதி, நண்பர் வட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் முதல் ஊழியரை நீங்கள் நடத்தும் விதத்தில் இருக்கிறது. நண்பர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களில் முடிவுகள் டீக்கடையிலும் பைக்கிலும் இரவுச் சாப்பாட்டிலும் எடுக்கப்படும். காலையில் வரும் ஊழியருக்கு, தான் இல்லாத ஒரு பேச்சின் முடிவு மட்டும் வந்து சேரும். நன்றாக உழைக்கிறவர்கள் கொஞ்ச நாளில் விலகிப் போவதற்கு இது போதும். பணம், ஆள், வேலை நேரம் பற்றிய எந்த முடிவும் வாரக் கூட்டத்தில், எல்லோரும் இருக்கும்போது சொல்லப்படும் வரை செல்லாது என்று வையுங்கள். அந்தப் பேச்சு தமிழில் ஓடினால், விஜயவாடாக்காரருக்குப் புரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் பெரும்பாலோர் கவனிக்காத இரண்டு சங்கதிகளைச் சொல்லிவிட வேண்டும். சாதாரணக் கூட்டாண்மையில் ஒரு கூட்டாளி தொழிலுக்காகப் போடும் கையெழுத்து எல்லோரையும் கட்டும். கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் மொத்தத் தொகையையும் நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், உங்கள் சொந்தச் சொத்து வரை அது வரும். ஆகவே எவ்வளவுக்கு மேல் போனால் இருவர் கையெழுத்து வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலும் வங்கியிலும் எழுதிவையுங்கள். கடன் வாங்கிப் பெரிதாகச் செய்யும் எண்ணம் இருந்தால், பொறுப்பு வரம்புக்குள் நிற்கும் எல்.எல்.பி.யையோ பிரைவேட் லிமிடெட்டையோ ஆடிட்டரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, பதிவு. கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டிய பணத்துக்காக வெளியார் மீது வழக்குப் போட முடியாது என்று 69ஆம் பிரிவு தடுக்கிறது. பெரிய கம்பெனி ஒன்று கேன்டீன் பில்லை இழுத்தடிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

மிஞ்சியிருப்பது பிரிவு. நண்பர்களுக்கு இதுதான் பேசக் கடினமானது, ஆனால் நட்பைக் காப்பாற்றுவதும் இந்தப் பேச்சுதான். ஒருவருக்கு அமெரிக்க விசா வரலாம், ஊரில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், மனம் மாறலாம். எழுதாமல் விட்டால், ஒரு கூட்டாளி இறந்தாலே நிறுவனம் கலைந்ததாகச் சட்டம் கொள்ளும். காலவரையறை இல்லாத கூட்டாண்மையை யார் வேண்டுமானாலும் ஒரு நோட்டீஸில் கலைக்கலாம். பெரும்பான்மை சேர்ந்து ஒருவரை வெளியேற்றுவதோ, ஒப்பந்தத்தில் அந்த அதிகாரம் எழுதப்பட்டு, நல்லெண்ணத்தோடு பயன்படுத்தப்பட்டால் மட்டுமே செல்லும். ஆகவே எத்தனை மாத நோட்டீஸ், பங்கை எந்த நாள் கணக்கின்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் தருவது, பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் வாடிக்கையாளர் பட்டியலும் யாருக்கு என்று முன்பே எழுதுங்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் போகிறவருக்குப் போட்ட பணம் மட்டும், அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு பங்கு உறுதியாகும் என்ற முறையை மென்பொருள் நிறுவனங்கள் வழக்கமாக வைத்திருக்கின்றன. டிபன் கடைக்கும் அது பொருந்தும். கணக்கை முடிக்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், விலகியவர் தன் சொத்தால் வந்த லாபப் பங்கையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்கலாம் என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. விலகுகிறவரும் ஒன்றைச் செய்ய வேண்டும். பொது அறிவிப்புத் தரும் வரை, அவர் இன்னும் கூட்டாளி என்று நம்பி வெளியார் கொடுக்கும் கடனுக்கு அவரும் பொறுப்பாகலாம். பதிவு செய்த நிறுவனமாக இருந்தால், பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் மாவட்டத்தில் விற்கும் ஒரு தமிழ் நாளிதழிலும் அந்த அறிவிப்பு வர வேண்டும். அதற்கான செலவு நிறுவனத்துடையது என்றும், கடைசிக் கணக்கில் கையெழுத்தாகும் நாளிலேயே அறிவிப்பை அனுப்பிவிட வேண்டும் என்றும் பத்திரத்தின் கடைசிப் பத்தியில் சேர்த்துவிடுங்கள்.